வண்டிக் கழுத்தில் என் முகம்

என் மனைவிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். எனக்குப் பின்னால் உட்காரத் தெரியும். இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் குறை ஒன்றும் இருந்ததில்லை. தெருக்காரர்கள்தான் எனக்குப் 'பின்சீட்டு' என்று பேர் வைத்தார்கள். நாளடைவில் அது படித்து வாங்கிய பட்டம்போல என் பேரோடு ஒட்டிக்கொண்டது.

வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே, சம்பாதித்துச் சேர்த்து, பழைய வண்டிக் கடை ஒன்றில் வாங்கினாள். என்னை முதன்முதலாகப் பார்க்க வந்ததும் அதில்தான். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தத்தைக் கேட்டு, ஏதோ லாரி வருகிறது என்று நான் ஓரமாக ஒதுங்கினேன். இன்றுவரை ஒதுங்கியேதான் நிற்கிறேன், ஆனந்தமாக.

பல வருஷங்களாக ஒரு கடையில் பில் போடும் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவள், போன மாதம் ஒரு வேலையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ரத்தப் பைகளையும் பரிசோதனைக் குப்பிகளையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிற வேலை. ஓட்டுவதற்குச் சம்பளம்! கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி குதித்தாள். ஒரே நிபந்தனை, சொந்த வண்டி வேண்டும். அதுவும் அவள் பேரிலேயே இருக்க வேண்டும். சேரும் நாள் காலையில் கம்பெனி ஆள் வண்டியையும் பதிவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார். சரியாக இருந்தால் வேலை. இல்லாவிட்டால் பழைய நாற்காலி, பழைய முதுகு.

அதற்கு முன் வெளியூரில் இரண்டு வாரப் பயிற்சி. பெட்டியோடு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"ஏங்க, திங்கட்கிழமை வண்டியைக் காட்டணும். நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் வருவேன். வண்டியைக் கழுவி மட்டும் வையுங்க."

"சரி."

"மட்டும்னு சொன்னேன்."

"காதுல விழுந்துச்சு."

"விழும். உள்ள போகாது."

அவள் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கும் வியாதி உண்டு. ஒருமுறை அவள் பிறந்தநாளுக்குச் சமையலறைக்கு நானே பெயின்ட் அடித்தேன். இன்றும் அந்த அலமாரிக் கதவு திறப்பதில்லை. உள்ளே என்ன இருந்தது என்பதையும் நாங்கள் மறந்துவிட்டோம்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாள் முழுக்கத் தேய்ப்பேன். கீறல், புள்ளி, மங்கல் எது கண்ணில் பட்டாலும் கை தானாக அங்கே போகும். வருகிற லென்ஸில் கம்பெனிக்காரன் மையால் போட்டனுப்பும் குறிகளை, கடைசியில் ஒரு துடைப்பில் அழித்துவிட்டு வாடிக்கையாளரிடம் நீட்டுவதுதான் என் வேலையின் முத்தாய்ப்பு. இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி வண்டியைக் கழுவி மட்டும் வைப்பான்?

கழுவினேன். அதுவரை நல்லவனாகத்தான் இருந்தேன். தேய்த்த வேகத்தில், உடம்புச் சட்டத்தில் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட் ஒரு மூலையில் உரிந்து வந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டினேன். அலுமினியம்! முழு அலுமினியச் சட்டம், என் தொடை கனத்துக்கு, இரண்டு பக்கமும் வளைந்து போகிறது. இதன்மேல் எந்தப் புண்ணியவான் தார் பூசின மாதிரி கறுப்பை அப்பினான் என்று எனக்குக் கோபமே வந்தது. அந்தப் புண்ணியவானுக்குத் தகுந்த காரணம் இருந்தது என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

கடை முடிந்து வந்து தினமும் சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்தேன். டேங்கையும் சீட்டையும் கழற்றி வைத்தேன். எஞ்சினைப் பாலிதீன் பையால் போர்த்தினேன். பெயின்ட் உரிக்கும் திரவத்தைத் தடவினால் கறுப்பு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, பாலாடை மாதிரி வழிந்தது. பிறகு தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள். முதலில் சொரசொரப்பு, அப்புறம் நடுத்தரம், அப்புறம் தாளா துணியா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நைஸ். ஒரு தாளால் ஒரு திசையில் இழுத்தால் அடுத்த தாளால் குறுக்குத் திசையில் இழுக்க வேண்டும். அப்போதுதான் முந்தின கோடு செத்ததா என்று தெரியும். கடைசியில் மச்சானிடம் இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷினில் துணிச் சக்கரம் மாட்டி, பாலிஷ் கட்டியை அதில் அழுத்திப் பிடித்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு மை ஊறியது. ஒரு முறை சக்கரம் என் சட்டை நுனியைக் கவ்வி, தொப்புள்வரை சுருட்டிக்கொண்டு வந்து நின்றது. பொத்தான் பின்வீட்டுச் சுவரில் போய் விழுந்த சத்தம் கேட்டது. மிச்ச மையை எடுக்க, சமையலறையிலிருந்து மாவை அள்ளி வந்து தூவித் துடைத்தேன். வீட்டில் மாவு தீர்ந்தது. சட்டத்தில் வானம் தெரிந்தது.

கைப்பிடித் தண்டு உடம்போடு சேருகிற இடம் இருக்கிறதே, வண்டியின் கழுத்து, அங்கே மட்டும் ஒரு தொல்லை. பெயின்ட் உரிந்ததும் குட்டிக் குட்டிக் குழிகள் தெரிந்தன, எறும்பு கடித்த மாதிரி. அலுமினியத்தில் ஈரம் உட்கார்ந்தால் இப்படிப் பொத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஒரு சாண் இடத்தைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. அரம் போட்டு, தாள் போட்டு, ஒவ்வொரு குழியாக நிரவினேன். கடைசிக் குழி மறைந்தபோது அங்கே என் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது, மடையன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தேன். மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். லேத் பட்டறை வைத்திருப்பவர். டிரில்லிங் மெஷினைத் திரும்ப வாங்கிப் போக வந்தவர், வண்டியைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றார்.

"மாப்பிள்ளை... இது நம்ம பாப்பா வண்டியா?"

"அதேதான் மச்சான்."

"அட பாவி மனுஷா! இதைப் பாத்துத் தலை சீவலாம் போலிருக்கே!"

நிஜமாகவே சீப்பை எடுத்தார். குனிந்து, சட்டத்தின் நீளத்துக்கு ஒவ்வொரு இடமாக முகம் பார்த்துக்கொண்டே போய்க் கழுத்துக்கு வந்தார். சீப்பு தலையிலேயே நின்றது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க."

"நம்பர் எங்க?"

"என்ன நம்பர்? பின்னாடி பலகையில இருக்கே."

"அது இல்லய்யா. சேசிஸ் நம்பர். இங்க, கழுத்துல, புள்ளி புள்ளியா குத்தியிருப்பானே."

எறும்பு கடித்த மாதிரி இருந்த குழிகள் நினைவுக்கு வந்தன. புள்ளி புள்ளியா.

"இங்க துருக்குழி மாதிரி கொஞ்சம் இருந்துச்சு மச்சான்..."

"இருந்துச்சா?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?"

"ரொம்பக் கஷ்டப்பட்டு எடுத்தேன் மச்சான். ஒரு சாயங்காலம் பூரா."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடினாலும் எங்கே ஓடுவது? வண்டி ஓட்டவே தெரியாதவன் நான். ஒவ்வொரு வண்டிக்கும் கழுத்தில் பிறவி அடையாளம் இருக்கும், பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பது அதைத்தான், அது இல்லாத வண்டியைப் பார்த்தால் உலகத்தில் எந்தப் போலீஸ்காரனும் கேட்காமலே 'திருட்டு வண்டி' என்றுதான் சொல்வான், இதையெல்லாம் அந்தத் தரையில் உட்கார்ந்தபடியே மச்சான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில டார்ச் அடிச்சு முதல்ல பாக்கறதே இந்த இடத்தைத்தான். பாத்தா என்ன தெரியும்? அவன் மூஞ்சி தெரியும்."

"வேலை?"

"வேலையா? பாப்பா உள்ள போகாம இருந்தா சரி. வண்டி அவ பேர்ல இருக்கு."

மச்சான் எழுந்தார். பட்டறைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பினார். உள்ளே எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு எண்.

"நம்பர் பஞ்ச். புத்தகத்தைக் கொண்டா. அதைப் பாத்து அப்படியே குத்திடறேன். சுத்தியால ஒவ்வொரு தட்டு. மேல லேசா கறுப்படிச்சா எந்தக் கொம்பனுக்கும் தெரியாது."

நான் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். கொண்டுவந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. மச்சான் முதல் துண்டைக் கழுத்தில் நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார்.

வாசலில் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். பயணக் களைப்பெல்லாம் ஒரே மூச்சில் முகத்தைவிட்டுப் போனது. கிட்டே வந்து சட்டத்தின் வளைவில் ஒரு விரலை வைத்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம்வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள்.

"இது... உள்ள இப்படியா இருந்துச்சு? இத்தனை வருஷமா?"

அந்த இடத்தில் என் உயிர் போயிருந்தால் நான் நல்ல கணவனாகச் செத்திருப்பேன்.

விரல் கழுத்துக்கு வந்தது. அங்கே சுத்தியலோடு அவள் அண்ணன்.

"என்ன அண்ணே பண்றே?"

"ஒண்ணுமில்ல பாப்பா. ஒரு நட்டு லூசா இருந்துச்சு. நீ போய்க் குளி, போ. களைச்சு வந்திருக்கே."

"நட்டை யாராவது சுத்தியால அடிப்பாங்களா?"

மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சும்மா இரு என்று அர்த்தம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு அந்த டார்ச் வெளிச்சத்தின் பக்கத்தில் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கப்போவது அவள். பிடிபட்டால் கேள்வி அவளைக் கேட்பார்கள். அவளுக்குப் பதில்கூடத் தெரியாது.

"நம்பரை நான் அழிச்சிட்டேன்," என்றேன். "தெரியாமத்தான். குழின்னு நினைச்சு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கழுத்தைக் குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள், படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"கழுவி மட்டும்னு சொன்னேனே," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

"ஆமா."

"ரெண்டு வாட்டி சொன்னேன்."

"ஆமா."

"திட்டறதை அப்புறம் திட்டு பாப்பா. இவரை எங்கயும் யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க," என்று மச்சான் குறுக்கே வந்தார். "இப்ப குத்திடட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம். பொய் நம்பரோட நான் போய் நிக்கமாட்டேன். இருக்கறதைச் சொல்லிக்கறேன். வீட்டுக்காரர் தேய்ச்சிட்டாருன்னு சொல்றேன்."

"யாரு நம்புவா?"

"இவரையும் கூட்டிட்டுப் போறேன். ஆளைப் பாத்தா நம்பிடுவாங்க."

எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் மச்சான் தலையை ஆட்டினார். இவ்வளவு பளபளப்பாக இருந்தால் வேண்டுமென்றே மினுக்கி அழித்த மாதிரி இருக்கிறது, அந்த இடத்தையாவது மங்கலாக்கு என்றார். அதற்கு எனக்கு வழி தெரியும். வாழ்க்கையில் அலுமினியப் பாத்திரத்தைப் பாழாக்கிய அனுபவம் உள்ளவன் நான். தொட்டிக் குழாய் அடைப்பு எடுக்கிற தூளைக் கரைத்து ஊற்றினால் போதும், எந்தப் பளபளப்பும் செத்துவிடும். கையுறை மாட்டிக்கொண்டு, தூளைத் தண்ணீரில் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுத்தில் தடவினேன்.

நுரைத்தது. சன்னமாகச் சீறியது. என் முகம் மங்கி, சாம்பலாகி, காணாமல் போனது. ஈரத்துணியால் துடைத்தேன்.

"ஏங்க," என்றாள் அவள், படியிலிருந்து எழுந்து. "அது என்ன?"

சாம்பல் நிறத்துக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஏதோ வரிசையாக நின்றது. இன்னொரு தடவை தடவித் துடைத்தேன். எழுத்துகள். எண்கள். நான் கொன்று புதைத்தவை எழுந்து வந்து உட்கார்ந்திருந்தன.

"யோவ்!" என்று மச்சான் என்னைத் தூக்கியே விட்டார். "வந்துடுச்சுய்யா! குத்தின அழுத்தம் உள்ளாற இறங்கியிருக்கும்ல! மேல ராவினாலும் அடியில இருக்கும்யா!"

நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. அவள் என் கையைப் பிடித்தாள். கையுறையைப் பிடித்து, எரிந்து, உடனே விட்டுக் குழாயடிக்கு ஓடினாள். கையைக் கழுவிக்கொண்டு திரும்பியவள், பதிவுப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தாள். "படிங்க, சரிபாக்கலாம்."

கடைப் பையிலிருந்து என் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு படித்தேன். முதலில் வந்த எழுத்துகள் எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றாள், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

"மூணு," என்றேன்.

"எட்டு," என்றாள்.

"மூணுதான் இருக்கு."

"நல்லாப் பாருங்க. பாதி அழிஞ்சிருக்கும். எட்டு."

"சரி, எட்டுன்னே வெச்சுக்குவோம். அடுத்தது ஒண்ணு."

"ஆறு."

நான் இன்னொருமுறை துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தேன். கடைசிவரை படித்தேன். எழுத்துகளுக்குப் பின்னால் வந்த எண்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மச்சான் கண்ணாடியைப் பிடுங்கித் தானே பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தவருக்குப் பேயறைந்த முகம்.

"இங்க ஏற்கெனவே ஒருத்தன் ராவியிருக்கான். முதல் நம்பரை எடுத்துட்டு, அது மேல வேற ஒண்ணைக் குத்தியிருக்கான். ராவினது தெரியாம இருக்கக் கறுப்பு அடிச்சிருக்கான். மாப்பிள்ளை அழிச்சது மேல இருந்த பொய்யை. இப்ப வந்திருக்கறது அடியில இருந்தது."

"அப்படின்னா?" என்றேன். எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லாம் புரியும்.

அவள்தான் சொன்னாள். "திருட்டு வண்டிங்க."

நான் ஒரு கிறுக்கன் என்பது எனக்குப் பழகிப்போன செய்தி. அந்த அதிர்ச்சியோடு குடித்தனம் நடத்தலாம். இது வேறு. அவள் இத்தனை வருஷம் தன் சொந்தக் காசில், தன் சொந்தப் பேரில், தலை நிமிர்ந்து ஓட்டின வண்டி. நான் பின்னால் உட்கார்ந்து அவள் தோள்வழியாக உலகம் பார்த்த வண்டி. அது யாரோ ஒருவன் வாசலிலிருந்து உருட்டிக்கொண்டு வரப்பட்டது.

மச்சான் மெதுவாகத் தகரப் பெட்டியைத் திறந்தார். "பாப்பா, கோவிச்சுக்காம கேளு. தெரிஞ்சு நீ வாங்கல. இதைத் திரும்ப ஒரு தேய் தேய்ச்சா இந்த நம்பரும் மறைஞ்சிடும். புத்தகத்து நம்பரைக் குத்திடறேன். நாளைக்கு நீ வேலையில சேர்ந்துடலாம். நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

அவள் வெகுநேரம் அந்தக் கறுப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை இடத்தில் நின்றாள், எத்தனை பேர் 'பொம்பளைக்கு எதுக்குமா இது' என்று திருப்பி அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். குத்தச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றும் பயந்தேன்.

"இதுவரைக்கும் ஒருத்தன் என்னை ஏமாத்தித் திருட்டு வண்டியில சுத்த விட்டான்," என்றாள். "நாளையிலேர்ந்து நானே தெரிஞ்சு சுத்தணுமா? அதுவும் மடியில ஊரான் ரத்தத்தை வெச்சுக்கிட்டு?" புத்தகத்தை மூடினாள். "பெட்டியை மூடு அண்ணே. ஸ்டேஷனுக்குப் போகணும்."

நான் ஹெல்மெட்டுகளை எடுத்து வந்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஓட்டக் கூடாதுங்க. இன்னொருத்தர் வண்டி. தள்ளிட்டுத்தான் போகணும்."

தள்ளினோம். அவள் கைப்பிடியில், நான் பின்பக்கம், மச்சான் வியர்வையில். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. "அடேங்கப்பா, புது வண்டியா?" என்றார்கள். "என்ன பின்சீட்டு, பெட்ரோல் போட மறந்துட்டீங்களா?" என்றார்கள். வெயில் சட்டத்தில் பட்டு வீட்டுச் சுவர்களில் எல்லாம் வெளிச்சம் ஓடியது. இவ்வளவு அழகாகச் சரணடைந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

ஸ்டேஷனில் எழுத்து வேலையில் இருந்த அதிகாரி தலை தூக்காமலே கேட்டார்.

"என்ன தொலைஞ்சுது?"

"ஒண்ணும் தொலையல சார்," என்றாள். "கிடைச்சிருக்கு."

அவர் தலையைத் தூக்கினார். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தேய்த்த கதை வந்த இடத்தில் அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அவள் சொன்னது சரிதான், பார்த்ததும் நம்பிவிட்டார். வெளியே வந்து கழுத்தைப் பார்த்தார். அந்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு உள்ளே போய்க் கணினியில் தட்டினார். தட்டியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை தட்டினார்.

"புகார் இருக்கு. பழைய புகார். இதே ஊர்தான்." அவருக்கே நம்ப முடியவில்லை. "அடிபட்டுச் சிதைஞ்ச வண்டியோட எஞ்சினையும் புத்தகத்தையும் வாங்கி, திருடின வண்டியோட உடம்புல மாட்டி, நம்பரை மாத்திக் குத்தியிருக்கானுங்க. யாருகிட்டம்மா வாங்கினீங்க?"

கடை இருந்த இடத்தைச் சொன்னாள். அங்கே இப்போது செல்போன் கடை என்பதையும் சொன்னாள். எழுதிக்கொண்டார், விசாரிக்கிறோம் என்றார். பிறகு போனை எடுத்துப் புகார்க்காரரை அழைத்தார். எதிர்முனையில் ஒரு குரல், "யாருய்யா ஞாயித்துக்கிழமை அதுவுமா விளையாடறது?" என்று திட்டிவிட்டு வைத்தது. இரண்டாவது முறை அழைத்து, தான் யார் என்று அதட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

வந்தவர் சலூன்காரர். குண்டான மனிதர், ஓடியே வந்திருந்தார். முடிவெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணி அவர் தோளிலேயே கிடந்தது, அதில் யாருடைய முடியோ. "ஒருத்தரைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன் சார், பாதித் தலைதான் ஆச்சு," என்றபடி வாசலுக்குப் போனவர், வண்டியைத் தாண்டி நடந்து, "எங்க சார் வண்டி?" என்றார்.

"அதுதாங்க," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கிட்டே வந்தார். பின்னால் போனார். மறுபடி கிட்டே வந்தார்.

"என் வண்டி வெள்ளையாத்தான் இருக்கும். ஆனா இப்படி..." என்று சட்டத்தைத் தொட்டுவிட்டு, சூடு பட்டதுபோல் கையை எடுத்தார். "இதுல நான் தெரியறேனே."

பெரிய மனிதர், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி அவருக்கு முன்னால் சாவியை நீட்டினாள்.

வண்டி உடனே அவருக்குக் கிடைக்காது, கோர்ட் உத்தரவு வரும்வரை ஸ்டேஷன் பின்பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. "இப்போதைக்கு ஓட்டிட்டுப் போய் உள்ள விடுங்க, யாராவது."

சலூன்காரர் ஏறி உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். வண்டி இருமிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி இருமல். "எனக்கு ஒரே அமுக்குல எடுக்குமே," என்றார் பாவமாக.

"உடம்புதாங்க உங்களுது. உயிர் வேற வண்டியோடது," என்றார் மச்சான்.

அவள் சலூன்காரர் பக்கத்தில் போனாள். "அண்ணே, இதுக்கு ஒரு பழக்கம் இருக்கு. சோக்கைப் பாதி இழுங்க. பாதிதான். இப்ப கைப்பிடியைத் திருகாதீங்க. அமுக்குங்க. சத்தம் வந்ததும் சோக்கை விடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. அதுவே சொல்லும்... இப்ப விடுங்க."

லாரிச் சத்தத்தோடு எடுத்தது. சலூன்காரர் சிரித்தார். அவள் அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, குளிர் நாளில் கொஞ்சம் அதிகம் இருமும் என்றும், இடப்பக்கம் சாய்த்து நிறுத்தினால் பெட்ரோல் கசியும் என்றும் சொல்லிக் கொடுத்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு அறிவிப்பை வரி வரியாகப் படித்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

பின்பக்கத்தில் துருப்பிடித்த வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன, சக்கரம் இல்லாமல், விளக்கு இல்லாமல். அவற்றின் நடுவே இது மட்டும் வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி நின்றது. சலூன்காரர் என்னிடம் வந்தார்.

"இந்த மினுமினுப்பு நிக்குமா தம்பி?"

"நிக்காதுங்க. மழையில நனைஞ்சா மங்கும். மங்கினா சொல்லி அனுப்புங்க, வந்து தேய்ச்சுத் தர்றேன்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொன்னா மட்டும்," என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் தோளிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, முடியை உதறிவிட்டு, கழுத்தும் சட்டமும் மறைகிற மாதிரி வண்டிமேல் போர்த்தினார். ஒரு முனை காற்றில் பறந்தது. அவள் அதைப் பிடித்துக் கைப்பிடியில் முடிந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் நின்றே கம்பெனி மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். "சார், என் வண்டி திருட்டு வண்டின்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. போலீஸ்ல ஒப்படைச்சிட்டேன். நாளைக்கு என்கிட்ட வண்டி இல்ல." கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரி சார்" என்று இரண்டு முறை சொன்னாள். போனை அணைத்தாள்.

"என்ன சொன்னார்?"

"முதல்ல நான் சொன்னதை அவருக்கு நம்ப முடியல. அப்புறம் ஒரு வாரம் இடத்தைப் பிடிச்சு வெக்கறேன்னார். அதுக்கு மேல முடியாதாம்."

மச்சான் பட்டறைப் பக்கம் பிரிந்து போனார். போகும்போது தகரப் பெட்டியை, அது ஏதோ தானாக அவர் கக்கத்தில் ஏறிக்கொண்ட மாதிரி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். நாங்கள் நடந்தோம். இந்த ஊரில் நாங்கள் சேர்ந்து நடந்ததே குறைவு. அவள் வேகமாக நடந்தாள்.

"கட்டிலுக்குன்னு சேர்த்து வெச்சிருக்கோமே," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் பாயிலயே படுத்துக்கலாம்."

"ம்."

"உன்னை இப்படிப் பண்ணிட்டேனே."

"நீங்க தேய்க்கலேன்னா நான் சாகற வரைக்கும் ஓட்டியிருப்பேன்." சொல்லிவிட்டு இன்னும் வேகமாக நடந்தாள். "அதுக்காக நல்லது பண்ணிட்டீங்கன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு இன்னும் கோவம் ஆறல."

"தெரியுது."

"நாளைக்குப் பழைய வண்டிக் கடைக்குப் போறோம். உப்புத்தாளையும் அந்தத் தூளையும் எடுத்துக்குங்க. கழுத்தைத் தேய்ச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும்."

"எந்தக் கடைக்காரன்மா அதுக்கு விடுவான்?"

"விடாத கடையில வாங்கமாட்டேன்."

இதை அவள் உறுதியாகத்தான் சொன்னாள். அடுத்த அடியை எடுத்துவைப்பதற்குள் குரல் உடைந்தது. நடுத்தெருவில், போகிற வருகிறவர்கள் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் அழுகை பழக்கமில்லை. சட்டைப் பையில் துழாவிக் கிடைத்த துணியை நீட்டினேன். பாலிஷ் துணி. அவள் பார்க்காமல் வாங்கித் துடைத்தாள். கன்னம் முழுக்கக் கறுப்பு மை இழுத்துக்கொண்டது.

என் கை தானாக அங்கே போயிற்று. பாதியில் நிறுத்தினேன்.

"கன்னத்துல கறுப்பாயிடுச்சு," என்றேன். "துடைக்கட்டுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"துடைங்க," என்றாள். "மெதுவா."